ஃப்ளஷ் ஊத்தலாமுங்களா, மேஸ்திரி?

"ஃப்ளஷ் ஊத்தலாமுங்களா, வேண்டாமுங்களா?"

வெள்ளியங்கிரி கேட்டார்.

மேஸ்திரி ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தாள். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டும். பாதங்கள் பதில் சொல்லவில்லை.

"மேஸ்திரி, உங்களத்தானுங்க."

அடியிலிருந்து ஒரு கை நீண்டது.

"பதினாலாம் நம்பர் ஸ்பானர்."

எடுத்துக் கொடுத்தார். கை உள்ளே போய்விட்டது.

அன்றைய உபதேசம் அவ்வளவுதான்.

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்துச் சொச்சம். சீடருக்கு அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. குருவுக்குத் தாடி இல்லை. சீடருக்கு உண்டு, அதுவும் நரைத்த தாடி. உலகத்தில் எல்லாம் முறைப்படியா நடக்கிறது?

சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி போகிற ரோட்டில் பூங்கோதை ஒர்க்‌ஷாப் போட்டிருந்தாள். திம்பம் மலை ஏறப்போகிற வண்டிகள் அங்கே நின்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போகும். அவள் ஐ.டி.ஐ. படித்தவள். கோயமுத்தூரில் தொழில் பழகியவள். அவள் ஷட்டரைத் திறந்த புதிதில், "பொம்பளை வண்டி பாத்தா வண்டி மலையேறுமா?" என்று சிரித்தவர்கள் உண்டு. பிறகு அவர்களே 'மேஸ்திரி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்படிச் சிரித்தவர்களில் முதல் ஆள் வெள்ளியங்கிரி. அதனால்தானோ என்னவோ, பணிவிலும் அவரே முதல் ஆளாக இருந்தார்.

அவருக்கு மல்லித் தோட்டம். காலையில் பூவை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"என்ற வண்டிய நானே பாத்துக்கோணுமுங்க. சொல்லிக் குடுங்க" என்று முதல் நாள் கேட்டார்.

பூங்கோதை சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியில் ஒரு கை எடுத்து அவரிடம் கொடுத்தாள். பக்கத்தில் ஒரு வண்டி எண்ணெய் ஒழுகிக்கொண்டு நின்றது. அவர் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று சேர்ந்தவர்தான்.

*

ஜீப்பின் அடியிலிருந்து மேஸ்திரி வெளியே வந்ததும் அவர் மறுபடியும் பிடித்துக்கொண்டார். ஒன்றை நினைத்தால் விடுகிற ஆள் இல்லை அவர்.

"ஆயில் மாத்தறப்ப ஃப்ளஷ்ஷுனு ஒண்ணு ஊத்தறாங்களே. பழைய ஆயிலோட கலந்து வண்டிய சித்த நேரம் ஓட விட்டா, உள்ள இருக்கற கசடெல்லாம் கரைஞ்சு வந்துருமாம். என்ற வண்டிக்கு அத ஊத்தோணும்."

"என்ன அவசரம்ணா?"

"வண்டி மலையேறோணுமுங்க. வர்ற வியாழக்கிழமை கல்யாணம்."

"யாருக்கு?"

வெள்ளியங்கிரி பனியன் வேஸ்ட்டை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார்.

"என்ற தங்கச்சி மகளுக்கு. தாளவாடியில."

"தாய்மாமனுங்களா!" என்றாள் பூங்கோதை. "பட்டம் கட்டோணுமே."

"கட்டோணும்."

அந்த ஊர்ப்பக்கத்தில் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண் மணவறைக்குப் போவதில்லை. அது மாமனுக்குள்ள உரிமை. மாமன் ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், இல்லாவிட்டாலும், அன்றைக்கு அவன் வரும்வரை எல்லோரும் காத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"தங்கச்சிகூடப் பேசி வருசக்கணக்காச்சுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

பூங்கோதை கையைத் துடைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததால் அவர் சொன்னார்.

அவருடைய அம்மா மகள் வீட்டில் சிலநாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மலைக்குப் போனாள். அங்கேயே இறந்துபோனாள். இவருக்குச் சேதி வந்து, இந்த வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு விழுந்தடித்து ஓடினார். போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் புகை மட்டும்தான் இருந்தது. பெற்ற மகன் வைக்க வேண்டிய கொள்ளியை மருமகன் வைத்திருந்தார்.

வெள்ளியங்கிரி வீட்டுக்குள் போகவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"ஏன் எனக்காகக் காத்திருக்கலைன்னு ஒரு வார்த்தை கேக்கோணுமுங்க. அது மட்டுமில்ல. அதுக்கு முந்தி நடந்தது, அதுக்குப் பொறகு நடந்தது, அவ என்ற பையன் கல்யாணத்துக்கு வராதது, எல்லாம் நெஞ்சுல கெடக்குது. கல்யாணத்துக்கு மொத நாளே போயி, அவள உக்கார வெச்சு, ஒண்ணு விடாமக் கேட்டுத் தீத்தர்றேன். தீத்துட்டு, சுத்தமான மனசோட பட்டம் கட்டறேன். முடிவு பண்ணிட்டேன்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல."

"ம்."

"வண்டியும் அப்படித்தானுங்க. எந்த வண்டியில அன்னிக்கு லேட்டாப் போனனோ, அதே வண்டியில போயி நிக்கோணும். உள்ள ஒரு பொட்டு அழுக்கு இருக்கக்கூடாது."

பஸ்ஸில் போகலாமே என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் அடிக்க வந்திருப்பார். நல்லவேளை, யாரும் சொல்லவில்லை.

*

மறுநாள் ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மாவின் கார் வந்தது. ஆயில் மாற்ற வேண்டும்.

பூங்கோதை ஆயில் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள். வெள்ளியங்கிரியும் எட்டிப் பார்த்தார். உள்ளே தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. டீச்சரம்மா தேதி தவறாமல் ஆயில் மாற்றுகிறவர்.

"ஃப்ளஷ் ஊத்திரலாமா?" என்று டீச்சரம்மா கேட்டார்.

"வேண்டாமுங்க டீச்சர். எதக் கழுவறது?"

பழைய ஆயிலை வடித்தாள். ஃபில்டரை மாற்றினாள். புது ஆயிலை ஊற்றினாள். வண்டி போனது.

மத்தியானம் வாழைத்தார் ஏற்றுகிறவர் ஒருவரின் வேன் வந்தது. அதற்கும் ஆயில் மாற்ற வேண்டும். மேஸ்திரி டார்ச் அடித்தாள். உள்ளே பழுப்பாக ஓர் ஆடை படிந்திருந்தது. விரலை விட்டுத் தேய்த்தாள். விரலில் மெல்லிசாக ஒட்டியது.

"ரெண்டு சர்வீசு தள்ளிப்போட்டீங்களா?"

வேன்காரர் தலையைச் சொறிந்தார்.

அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து அதை ஊற்றினாள். வண்டியை நின்ற இடத்திலேயே ஓட விட்டாள். ஆக்சிலேட்டரைத் தொடவிடவில்லை. டப்பாவின் மேல் எழுதியிருந்த நேரம் ஆனதும் அணைத்து, மொத்தத்தையும் வடித்துவிட்டு, புது ஃபில்டரும் புது ஆயிலும் போட்டாள்.

வெள்ளியங்கிரிக்கு முகம் மலர்ந்தது. அப்படியென்றால் இந்த அம்மணிக்கு டப்பாவோடு பகை ஒன்றும் இல்லை. நம் வண்டிதான் அடுத்தது.

ஓடிப்போய், ரோட்டோரம் நின்ற தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மேஸ்திரி மூடியைக் கழற்றினாள். டார்ச் அடிக்கவே தேவைப்படவில்லை. வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையின் அடியில் தீய்ந்த பாகு மாதிரி, கறுப்பாக, கட்டி கட்டியாக, மூடியின் உள்பக்கம்வரை அப்பியிருந்தது.

"எங்கெல்லாம் ஓட்டுவீங்கண்ணா?"

"தோட்டத்துல இருந்து மார்க்கெட்டு. மார்க்கெட்டுல இருந்து தோட்டம்."

"வண்டி சூடாகறதுக்குள்ள அணைச்சிருவீங்க."

"ஆமாங்க."

"ஆயில் எப்ப மாத்துனீங்க?"

வெள்ளியங்கிரி மலையைப் பார்த்தார். உண்மை என்னவென்றால், அம்மாவைப் பார்க்க முடியாமல் திரும்பிய நாளிலிருந்து அவருக்கு அந்த வண்டிமேல் கோபம். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காத வண்டிக்கு என்ன பண்டுதமும் பராமரிப்பும் வேண்டிக்கிடக்கிறது என்று விட்டுவிட்டார். குறையும்போது மேலே கொஞ்சம் ஊற்றுவார். அவ்வளவுதான்.

மேஸ்திரி மூடியைப் போட்டு இறுக்கினாள்.

"இதுக்கு ஃப்ளஷ் வேண்டாம்ணா."

வெள்ளியங்கிரிக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏனுங்க மேஸ்திரி, எனக்குப் புரியிலீங்க. அழுக்கே இல்லாத வண்டிக்கு வேண்டாம்னீங்க. சரி. கொஞ்சம் அழுக்கான வண்டிக்கு ஊத்துனீங்க. அதுவும் சரி. நெம்ப அழுக்கு இருக்கறது என்ற வண்டியில. இதுக்குத்தான மொதல்ல ஊத்தோணும்?"

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

"எதனால?"

"நெம்ப இருக்கறதால."

குருமார்களோடு இதுதான் தொந்தரவு. பதில் சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும்.

"ஆயில மட்டும் மாத்தித் தர்றேன்" என்றாள் பூங்கோதை. "ஓட்டுங்க. சீக்கிரமே வாங்க, மறுபடி மாத்தலாம்."

"அதெல்லாம் ஆகாதுங்க. வியாழக்கிழமை கல்யாணம்."

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, அவருடைய தோட்டத்துக் களத்தில் கார் நின்றது. பக்கத்தில் ஒரு புது டப்பா, புது ஃபில்டர், புது ஆயில்.

கடைக்காரர், "ஊத்துங்க, உள்ள கண்ணாடியாட்டம் ஆயிரும்" என்று சொல்லியிருந்தார். கடைக்காரர்கள் குருமார்களைப் போல் மென்று விழுங்குவதில்லை.

மேஸ்திரி வேனுக்குச் செய்ததை அவர் ஒன்றுவிடாமல் பார்த்து வைத்திருந்தார். அதே மாதிரி ஊற்றினார். அதே மாதிரி ஓட விட்டார். ஆக்சிலேட்டரைத் தொடவில்லை. நேரம் பார்த்து அணைத்தார். அடியில் பழைய அண்டாவை வைத்து போல்ட்டைக் கழற்றினார்.

வந்தது பாருங்கள்! கன்னங்கரேலென்று, கொழகொழவென்று. அவ்வளவு வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்துச் சனியன் ஒரே காலையில் ஒழிந்தது என்று வாய்விட்டே சொன்னார். அவ்வளவு சந்தோஷம்.

புது ஃபில்டர். புது ஆயில். சாவியைத் திருப்பினார். வண்டி முன்னைவிட மெதுவாக உறுமியது போல இருந்தது. அல்லது அப்படி இருந்ததாக அவருக்குப் பட்டது.

மேஸ்திரியிடம் போய்க் காட்ட வேண்டும். வேறென்ன வேலை?

புறப்பட்டார். சத்தியமங்கலத்தைத் தாண்டி, பண்ணாரி ரோட்டில் திரும்பி, கொஞ்ச தூரம் சௌக்கியமாகத்தான் போனார். மனசுக்குள் தங்கச்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஒவ்வொன்றும் முன்னைவிடக் கூர்மையாக வந்தது.

அப்போது ஆயில் லைட் எரிந்தது. சிவப்பாக, கூஜா மாதிரி இருக்குமே, அது.

சேர்ந்த புதிதில் மேஸ்திரி ஒருதரம் கேட்டிருந்தாள். "இந்த லைட் எரிஞ்சா என்ன பண்ணுவீங்க?" "ஒர்க்‌ஷாப்புக்கு வந்துருவனுங்க." "வரமாட்டீங்க. அதுக்குள்ள இன்ஜின் செத்துரும். கண்ணுல பட்ட நொடியே அணைக்கோணும்."

அணைத்தார். உருட்டி ஓரம் கட்டினார்.

ரோடு ஓரத்தில், புளியமரத்து நிழலில், புது ஆயில் நிறைந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். ஆயில் இருக்கிறது. இறங்கி, பானட்டைத் திறந்து அளவுகோலை உருவிப் பார்த்தார், நிறையவே இருக்கிறது. பிறகு எதற்கு இந்த லைட்?

அவருக்குப் பயம் வந்தது. வண்டிக்காக மட்டும் இல்லை.

*

அவர் போன் செய்ததும், காரை ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள் பூங்கோதை.

அவர் நடந்ததைச் சொன்னார். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டவில்லை.

"லைட் எரிஞ்சதும் அணைச்சீங்களா, கொஞ்சம் ஓட்டுனீங்களா?"

"எரிஞ்சதும் அணைச்சிட்டனுங்க."

"அப்பப் பொழச்சிருக்கும்."

வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஊற்றின புது ஆயிலை வடித்தாள். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குகிற தொட்டி ஒன்று உண்டு, சம்ப் என்பார்கள். அதைச் சுற்றியிருந்த போல்ட்டுகளை அவரையே கழற்றச் சொன்னாள். தொட்டி இறங்கியது.

அதற்குள்ளே தலையை நீட்டிக்கொண்டு ஒரு குழாய். குழாயின் முனையில் சின்னதாக ஒரு சல்லடை. அந்த வழியாகத்தான் இன்ஜின் முழுவதுக்கும் ஆயில் ஏறும்.

சல்லடையில் ஒரு கண்கூடத் தெரியவில்லை. தார் ஊற்றி மூடின மாதிரி அடைத்திருந்தது.

பூங்கோதை அதைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"இது என்னங்கண்ணா?"

"அழுக்குங்க."

"புதுசா வந்ததா?"

"இல்லீங்க. பழசு."

"இத்தன வருசமா எங்க இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "மேல. ஓரத்துல. சுவத்துல ஒட்டிட்டு."

"அப்ப வண்டி ஓடுச்சா?"

"ஓடுச்சுங்க."

"நேத்து?"

"நேத்தும் ஓடுச்சு."

"இன்னிக்கு?"

வெள்ளியங்கிரி சல்லடையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆனா நெறைய வந்துச்சுங்களே மேஸ்திரி. அண்டா நெறைய வந்துச்சு."

"கரைஞ்சது வந்துச்சு. கட்டியாப் பேந்து விழுந்தது வரல."

ரோட்டில் ஒரு கரும்பு லாரி மலையைப் பார்த்துப் போனது.

"அப்ப என்னதானுங்க பண்றது?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. "அழுக்கோடயே ஓட்டறதுங்களா? சாகற வரைக்கும்?"

பூங்கோதை ஒரு தட்டில் மண்ணெண்ணெயை ஊற்றி, ஒரு பழைய பிரஷ்ஷையும் மரக்குச்சி ஒன்றையும் வைத்து, அவர் முன்னால் தள்ளினாள்.

"கையில எட்டற வரைக்கும் எடுங்க."

"எட்டாதது?"

"ஆயிலு எடுக்கும்."

"எப்ப?"

"ஓட்ட ஓட்ட. கொஞ்சம் ஓட்டிட்டு மாத்துங்க. மறுபடி ஓட்டிட்டு மாத்துங்க."

"எத்தன தடவைங்க?"

"வெளிய வர்ற ஆயிலப் பாத்தாத் தெரியும்."

"கல்யாணத்துக்குள்ள ஆகாதுங்களே."

"ஆகாது" என்றாள் மேஸ்திரி. "ஆனா வண்டி மலையேறும்."

வெள்ளியங்கிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

*

அந்த மனுஷன் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

தொட்டியின் மூலை முடுக்கெல்லாம் குச்சியால் சுரண்டினார். சல்லடையை ஊறப்போட்டு, கண் கண்ணாகக் குத்தி எடுத்தார். மண்ணெண்ணெய் கறுத்தால் கொட்டிவிட்டு வேறு ஊற்றினார். மேஸ்திரி இன்ஜினின் மேல்பக்கத்துப் பெரிய மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். அங்கே பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்த கட்டிகளை ஒன்றுகூடக் கீழே விழாமல், துணியை ஏந்திப் பிடித்துக்கொண்டு கிள்ளி எடுத்தார். சுவரோடு கெட்டியாக ஒட்டியிருந்ததைச் சுரண்டப் போனபோது மேஸ்திரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும்."

"அழுக்குங்களே."

"அது இன்னும் வரத் தயாராகலை."

அவர் குச்சியைக் கீழே வைத்தார்.

காலையில் பூவைப் பக்கத்துத் தோட்டத்து வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார், பொழுது சாய்ந்தால் போவார். சீர்ச் சாமான்களை எடுத்து வைக்கலாமா என்று வீட்டிலிருந்து மனைவி போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். "வண்டி ஆகட்டும்" என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை.

ஒருநாள் பிரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டே, "மேஸ்திரி" என்றார்.

"ம்?"

"எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டே பேருங்க. நானும் அவளும்."

"ம்."

"அவளுந்தான அன்னிக்கு அம்மாவ எழந்தா."

பூங்கோதை போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. அவரும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

புதன்கிழமை மத்தியானம் தொட்டியை ஏற்றி இறுக்கினார்கள். விலை குறைந்த சாதா ஆயிலைத்தான் மேஸ்திரி ஊற்றினாள். "எப்படியும் சீக்கிரம் வடிக்கப்போறோம்" என்றாள்.

சாவியைத் திருப்பினார். சிவப்பு லைட் எரிந்தது. இன்ஜின் பிடித்ததும் லைட் அணைந்தது.

"மொள்ளப் போங்க" என்றாள் பூங்கோதை. "விரட்டாதீங்க. கீழ எறங்குனதும் நேரா இங்க வாங்க, வடிச்சிரலாம்."

வெள்ளியங்கிரி கையெடுத்துக் கும்பிட்டார். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே போய் ஸ்பானர் தேடுகிற மாதிரி நின்றுகொண்டாள்.

*

பண்ணாரி அம்மன் கோயிலில் மனைவி இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்தாள். பின் சீட்டில் சீர்த் தட்டுகள், அவற்றின்மேல் தோட்டத்து மல்லி.

கார் மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் லாரிகளுக்கு வழி விட்டு, முக்கி முனகி, மெல்ல ஏறியது. வெள்ளியங்கிரியின் ஒரு கண் ரோட்டில், ஒரு கண் அந்த லைட்டில். அது எரியவில்லை.

தாளவாடியில் தங்கச்சி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பொழுது இறங்குகிற நேரம். மைக்கில் யாரோ பாட்டை நிறுத்திவிட்டு, "மாமன் வந்தாச்சு, மாமன் வந்தாச்சு" என்று கத்தினார்கள்.

மச்சான் ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் தங்கச்சி மயிலாத்தா.

வெள்ளியங்கிரி தங்கச்சியைப் பார்த்தார். தலை பாதி நரைத்திருந்தது. அவர் மனசில் இத்தனை நாளும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த மயிலாத்தாவுக்கு ஒரு முடிகூட நரைத்திருக்கவில்லை.

"வாங்கண்ணா."

"ம்."

"உள்ள வாங்க."

அன்றைக்கு ஏறாத வாசற்படியில் ஏறினார். கல்யாணப் பெண் வந்து காலில் விழுந்தாள். தலையைத் தொட்டார். யாரோ காப்பி கொண்டுவந்தார்கள்.

மயிலாத்தா அவரைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். கட்டிலில் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தான் சுவரில் சாய்ந்து நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கேளுங்கண்ணா" என்றாள்.

"என்னத்த?"

"நீங்க என்ன கேக்க வந்திருக்கறீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. அன்னிக்கிருந்து நெனச்சுட்டுத்தான் இருக்கறேன். எல்லாத்தையும் இன்னிக்கே கேட்டுருங்க. நான் நிக்கறேன்."

எல்லாம் மேலே வந்தது. ஏன் காத்திருக்கவில்லை. கொள்ளியை யாரைக் கேட்டு வைத்தீர்கள். என் பையன் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை. வரிசையாக, கூர்மையாக, நெட்டுருப் போட்டது போட்டபடி அத்தனையும் வந்தது.

சுவரில் சாய்ந்து நின்றவள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

கதவுக்கு வெளியே கல்யாணப் பெண்ணைச் சுற்றிப் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளியங்கிரி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மா கடைசியா என்ன சாப்பிட்டா அம்மிணி?" என்று கேட்டார்.

மயிலாத்தா அவரை வெறித்துப் பார்த்தாள். பிறகு அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நெடுநேரம் அழுதாள். அவர் பொறுத்திருந்தார்.

"கொள்ளு ரசமும் சோறுமுங்கண்ணா" என்றாள். "ரெண்டு வாய் சாப்பிட்டா. மிச்சத்த மூடி வையி, உங்கண்ணன் வந்தாப் பசியோட வருவான்னு சொன்னா."